பிள்ளைகளின் விளையாட்டும் பெற்றோரின் கடமையும்



சனி, ஞாயிறு நாட்களில் எங்கள் ஆலயங்களுக்கு வரும் பிள்ளைகளில் பலர் விளையாட்டுக் கழகத்தின் மேற்சட்டையோடு வருவதைக் காண்கிறோம். காலையில் உதைபந்தாட்டப் போட்டி, மதியம் தமிழ்ப் பாடசாலை, மாலையில் கோயில் என்று அவர்களுடைய வார இறுதி ஓடுகிறது. "கோயிலுக்கு வரும் கோலமா இது?" என்று முகம் சுளிக்கும் பெரியவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். உடை மாற்றிக்கொண்டு வருவது நல்லதுதான். ஆனால் கோயிலில் கற்பது ஒன்று, விளையாட்டுத் திடலில் கற்பது வேறொன்று என்று எண்ணிவிடலாகாது. அந்த எண்ணம் தவறு என்பதைச் சிறிது விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் குருக்களும் அல்லேன், பண்டிதரும் அல்லேன். கணக்கு எழுதிச் சீவியம் நடத்தும் ஒருவன், பிள்ளை வளர்க்கும் ஒரு தகப்பன். அந்த அளவிலேயே இதனை வாசியுங்கள்.

சைவ சமயம் விளையாட்டை விலக்கி வைத்த சமயமன்று. படைத்தல் முதலான ஐந்தொழில்களையும் இறைவனின் விளையாட்டு என்றே எங்கள் பெரியோர் சொல்லி வைத்தார்கள். மதுரையிலே சொக்கநாதப் பெருமான் நிகழ்த்திய 64 அருட்செயல்களுக்கும் திருவிளையாடல் என்றே பெயர். விளையாட்டு என்றால் வீண்பொழுது என்று நினைத்த சமயம் அப்படிப் பெயர் வைத்திருக்குமா?

மாம்பழப் போட்டி

எங்கள் பிள்ளைகள் முதன்முதலில் கேட்கும் புராணக் கதைகளில் ஒன்று ஒரு ஓட்டப்போட்டியின் கதை. நாரதர் கொண்டுவந்த பழத்துக்காகப் பிள்ளையாரும் முருகனும் போட்டியிடுகிறார்கள். உலகத்தை முதலில் சுற்றி வருபவருக்கே பழம். முருகன் மயிலேறிப் பறக்கிறார். பிள்ளையாரோ தாய் தந்தையரைச் சுற்றி வந்து பழத்தைப் பெற்றுக்கொள்கிறார்.

இந்தக் கதையை இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். "அப்பா, இது அன்ஃபெயர்! முருகன்தானே உண்மையாகச் சுற்றினார்?" என்று உடனே கேட்பார்கள். இக்கேள்வியைக் கேட்டவுடன் "சாமி விஷயத்தில் எதிர்க்கேள்வி கேட்காதே" என்று அடக்கிவிடக் கூடாது. நீதியைப் பற்றிக் கேட்கும் பிள்ளை நல்ல பிள்ளை. அதற்கு நாங்கள் மறுமொழி சொல்ல வேண்டும்.

என் சிற்றறிவுக்கு எட்டிய மறுமொழி இதுதான். பிள்ளையார் ஒன்றையும் மறைக்கவில்லை. எல்லோரும் பார்த்திருக்கவே சுற்றினார். தாய் தந்தையே உலகம் என்பதைத் தீர்ப்புச் சொல்பவர்களின் முன்னாலேயே சொன்னார். அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஏமாற்று என்பது மறைவிலே செய்வது. வெளிப்படையாகச் செய்து, நடுவரின் முடிவுக்கு விடுவது ஏமாற்று ஆகாது.

ஆனால் எங்களுக்கு வேண்டிய பாடம் இதற்குப் பின்னால்தான் வருகிறது. முருகன் கோபித்துக்கொண்டு பழனி மலைக்குப் போய்விட்டார். அப்போது அம்மையும் அப்பனும் செய்தது என்ன? மூத்தவரிடமிருந்து பழத்தைப் பறித்து இளையவருக்குக் கொடுக்கவில்லை. பாதியாக வெட்டிப் பங்கு போடவும் இல்லை. "தோற்றுப்போனாயே" என்று ஏசவும் இல்லை. பிள்ளை நின்ற மலைக்குத் தாங்களே தேடிப் போனார்கள். "நீயே எங்களுக்குப் பழம்" என்று சொன்னார்கள். அதனால்தான் அந்த ஊருக்குப் பழனி என்று பெயர் வந்தது என்பது எங்கள் மரபு. தோல்வியை மாற்றிக் கொடுப்பது பெற்றோரின் வேலையன்று. தோற்ற பிள்ளையின் பக்கத்திலே போய் நிற்பதுதான் பெற்றோரின் வேலை. இதை எங்களுக்குச் செய்து காட்டியவர்கள் உலகத்துக்கே தாய் தந்தையரானவர்கள்.

நடுவர் இல்லாத விளையாட்டு

ஊரிலே கிளித்தட்டு மறித்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். மண்ணிலே கோடு கீறி விளையாடும் அந்த ஆட்டத்துக்கு ஊதுகுழலோடு நடுவர் எவரும் வருவதில்லை. கிளியின் கை பட்டதா இல்லையா என்பது பட்டவனுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். பட்டவன் தானே ஒத்துக்கொண்டு வெளியேறினால்தான் ஆட்டம் நடக்கும். "படவில்லை" என்று சாதித்துக்கொண்டு நிற்பவனை அடுத்த நாள் ஒருவரும் ஆட்டத்துக்குச் சேர்க்கமாட்டார்கள். எங்கள் தலைமுறைக்கு வாய்மையைப் படிப்பித்த பள்ளிக்கூடங்களில் அந்தக் கோடு கீறிய மண்ணும் ஒன்று.

இதே தத்துவத்தை ஜேர்மனியரும் கண்டுகொண்டிருக்கிறார்கள். ஆகன் நகரப் பகுதியில் 2005 அளவில் சிறுவர் உதைபந்தாட்டத்தில் ஒரு புது முறை தொடங்கப்பட்டது. ஃபெயர் பிளே லீகா என்று அதற்குப் பெயர். சிறு பிள்ளைகளின் போட்டிக்கு நடுவரே கிடையாது. பந்து வெளியே போனதா, கையில் பட்டதா என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்க வேண்டும். இரண்டு அணிகளின் பயிற்றுநர்களும் ஒரே இடத்தில் பக்கம் பக்கமாக நிற்க வேண்டும். பெற்றோர் எல்லைக் கோட்டிலிருந்து சுமார் 15 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். பின்னர் இம்முறை நாட்டின் பல பாகங்களுக்கும் பரவியது.

பெற்றோரை ஏன் 15 மீற்றருக்கு அப்பால் நிறுத்தினார்கள் என்பதைச் சிந்திக்க வேண்டும். பிள்ளைகள் தங்களுக்குள்ளே வரும் சச்சரவைத் தாங்களே தீர்த்துக்கொள்ளக் கூடியவர்கள். கோட்டருகே நின்று கத்துகிற பெரியவர்களாலேதான் சச்சரவு சண்டையாகிறது. இது ஜேர்மனியருக்கு மட்டும் உரிய குறையன்று. எங்கள் தமிழ்ப் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகளிலும் கயிறிழுத்தலுக்குப் பின்னர் தகப்பன்மார் நடுவரைச் சூழ்ந்துகொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறோம். அவ்வேளை பிள்ளைகள் கயிற்றைப் பார்ப்பதில்லை. எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கையில் பட்டது என்று சொன்னவர்

மிரோஸ்லாவ் குளோசவை அறியாத பிள்ளை இந்நாட்டில் இருக்க முடியாது. 4 உலகக் கிண்ணப் போட்டிகளில் 16 கோல்கள் போட்டவர். போலந்தில் பிறந்து, 1986 இல் சிறுவனாக இந்நாட்டுக்கு வந்தவர். மொழி தெரியாமல் வகுப்பறையில் உட்கார்ந்த அனுபவம் அவருக்கும் உண்டு. தச்சுத் தொழில் பயின்றவர். எங்கள் பிள்ளைகளுக்கு அவருடைய கோல்களைத் தெரியும். அவர் வாழ்க்கையின் வேறு இரண்டு நாட்களையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம்.

2005 ஏப்ரல் மாதத்தில் வேர்டர் பிறேமன் அணிக்காக ஆர்மீனியா பீலஃபெல்ட் அணியை எதிர்த்து ஆடியபோது குளோச விழுந்தார். நடுவர் தண்ட உதை கொடுத்தார். கோல் எதுவும் விழாத நேரம் அது. குளோச நடுவரிடம் போய், பந்துக்காப்பாளர் தனக்குக் குற்றம் எதுவும் செய்யவில்லை என்று சொன்னார். நடுவர் தமது முடிவை மாற்றினார். அன்று பிறேமன் 3–0 என வென்றது.

2012 செப்டம்பரில் இத்தாலியில் லாற்சியோ அணிக்காக நாப்போலியில் ஆடினார். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அவர் பந்தை வலைக்குள் செலுத்தினார், நடுவரும் கோல் என்றார். பந்து தன் கையிலே பட்டது என்று குளோச தானாகவே சொன்னார். கோல் நீக்கப்பட்டது. அன்று அவருடைய அணி 0–3 எனத் தோற்றது.

இவ்விரண்டு நாட்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் நாளை மட்டும் சொன்னால், உண்மை பேசினால் பரிசு கிடைக்கும் என்று பிள்ளை நினைக்கும். பரிசு கிடைக்காத நாளில் உண்மையையும் விட்டுவிடும். ஒரு முறை உண்மை சொல்லி வென்றார், இன்னொரு முறை உண்மை சொல்லித் தோற்றார். இரண்டு முறையும் அவர் செய்தது ஒன்றே. பலனைக் கருதாமல் கடமையைச் செய் என்று கண்ணபிரான் சொன்னதை இதைவிட எளிதாக ஒரு 10 வயதுப் பிள்ளைக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை.

கணக்குத் தொழிலிலும் இப்படித்தான். கணக்கேட்டிலே ஒரு பொய்ப் பதிவு எழுதினால் அதை மறைக்க இன்னொரு பொய்ப் பதிவு வேண்டும். அதை மறைக்க மூன்றாவது வேண்டும். வருட முடிவில் ஏடு முழுவதும் பொய்யாகிவிடும். திடலிலே சொல்லும் முதற் பொய்யும் அத்தகையதே.

"நேர்மையாய் இருந்து என்ன கண்டோம்?"

இவ்விடத்தில் சிலர் கேட்பார்கள். "தம்பி, நாங்கள் ஊரிலே நேர்மையாகத்தானே இருந்தோம். வீடு போனது, காணி போனது, சொந்தம் போனது. இங்கே வந்து முகாமிலும் அலுவலகங்களிலும் காத்துக் கிடந்தோம். பிள்ளையாவது கெட்டிக்காரனாக, விட்டுக்கொடுக்காதவனாக வளரட்டுமே."

இக்கேள்வியை நான் இலேசாக எடுக்கவில்லை. நானும் அகதியாக வந்தவன். அநீதி இழைக்கப்பட்டவன் பிள்ளைக்கு நீதியைப் படிப்பிப்பது கடினமான காரியம். அதற்காகவே இரண்டு பேரை நினைவூட்டுகிறேன்.

ஒருவர் எங்கள் மண்ணின் மைந்தர், நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ். மத்திய கல்லூரியின் மாணவர். 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்பேணிலும் ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தவர். 1958 இல் ரோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கப் பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அதுவே. அந்த வருடம், அந்த மே மாதத்திலேதான் இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான வன்செயல்கள் நடந்தன என்பதை எங்கள் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எந்த நாட்டில் தமிழர்கள் அடிபட்டார்களோ, அந்த நாட்டுக்கு முதலாவது தங்கத்தை ஒரு தமிழ் இளைஞர் வென்று கொடுத்தார். 1962 இல் ஜகார்த்தாவில் அவருக்குக் கிடைத்தது வெள்ளி. பின்னர் கலாநிதிப் பட்டம் பெற்றுக் கல்விப் பணியிலே வாழ்நாளைச் செலவிட்டு, 2024 இல் காலமானார். அநீதியை மறக்கச் சொல்லி அவர் வாழ்க்கை எங்களுக்குச் சொல்லவில்லை. அநீதியைக் கண்டதற்காக நாங்கள் தாழ்ந்துபோக வேண்டியதில்லை என்றே சொல்கிறது.

மற்றவர் இந்நாட்டவர், லூற்ஸ் லோங். 1936 இல் பேர்லின் ஒலிம்பிக். ஹிற்லரின் ஆட்சி. கறுப்பினத்தவரைத் தாழ்ந்தவர் என்று போதித்த காலம். நீளம் பாய்தலில் அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜெசி ஓவன்ஸ் 8.06 மீற்றர் பாய்ந்து தங்கம் பெற்றார். லோங் 7.87 மீற்றர் பாய்ந்து வெள்ளி பெற்றார். தோற்ற லோங்தான் முதலில் ஓடிச்சென்று ஓவன்ஸை வாழ்த்தினார். இலட்சம் பேர் கூடக்கூடிய அந்த அரங்கிலே இருவரும் கைகோத்து நடந்தார்கள். லோங் 1943 இல் சிசிலியில் போரில் காயப்பட்டு இறந்தார். இன்று முன்சன் ஒலிம்பிக் பூங்காவில் ஏரிக்கரை ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பேர்லின் அரங்கின் அருகே ஒரு வீதிக்கு ஓவன்ஸின் பெயர் இருக்கிறது. அன்று அரங்கின் மேடையிலிருந்து பார்த்தவனின் பெயரை இந்நாட்டில் எந்த வீதிக்கும் வைக்கமாட்டார்கள்.

அதே பேர்லின் அரங்கிலே 2006 ஜூலை 9 ஆம் திகதி உலகக் கிண்ண இறுதிப் போட்டி நடந்தது. பிரான்சின் சினடின் சிடான் ஒரு கணக் கோபத்தில் எதிரணி வீரரின் நெஞ்சிலே தலையால் முட்டி, சிவப்பு அட்டை பெற்றுத் தமது கடைசி ஆட்டத்தை முடித்துக்கொண்டார். எவ்வளவு பெரிய வீரர்! ஆகவே, மாதிரியாகக் கொள்ளும் மனிதர் குறையே இல்லாதவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். மனிதரை அப்படியே பின்பற்றாமல், அவரிடமுள்ள நல்ல குணத்தைப் பின்பற்றச் சொல்லுவோம். குறையற்றவர் என்று கும்பிட எங்களுக்கு இறைவன் இருக்கிறார்.

தோல்வியைத் தாங்கும் பெருந்தன்மை

திருவள்ளுவர் சான்றாண்மை அதிகாரத்திலே ஒரு உரைகல் வைத்திருக்கிறார். ஒருவருடைய சால்பை எதனால் உரைத்துப் பார்ப்பது? தனக்கு நிகரில்லாதவரிடத்தும் தோல்வியை ஒத்துக்கொள்ளும் குணத்தால் என்கிறார். வெற்றியை வைத்து அவர் அளக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு உதாரணம் தேடித் தொலைதூரம் போகத் தேவையில்லை. சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் 2008 ஒக்டோபரில் இங்கே பொன் நகரில்தான் விளாடிமிர் கிராம்னிக்கை 6½–4½ என வென்று உலகச் சம்பியன் பட்டத்தைத் தக்கவைத்தார். அந்தப் பட்டத்தை 2013 இல் தன் சொந்த ஊரான சென்னையிலேயே, தன்னைவிட 20 வயதுக்கு மேல் இளையவரான மக்னஸ் கார்ல்சனிடம் இழந்தார். சொந்த ஊரார் முன்னிலையில் தோற்பது எவ்வளவு பாரமான காரியம்! அவர் ஒளிந்துகொள்ளவில்லை. அடுத்த வருடமே தகுதிப் போட்டியில் வென்று மறுபடியும் கார்ல்சனை எதிர்த்து அமர்ந்தார். மீண்டும் தோற்றார். அதற்குப் பின்னர் இளையவர்களுக்கு வழிகாட்டுவதில் இறங்கினார். அவருடைய வழிகாட்டலைப் பெற்ற சென்னைப் பையன் குகேஷ், 2024 டிசம்பர் 12 ஆம் திகதி சிங்கப்பூரில் 18 வயதில் உலகச் சம்பியன் ஆனார்.

வென்ற அந்தக் கணத்தில் குகேஷ் செய்ததைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, காய்களை எல்லாம் அவற்றின் இடத்தில் ஒழுங்காக அடுக்கினார். பின்னர் பத்திரிகையாளர் முன்னிலையில் தோற்ற டிங் லிரனை உண்மையான சம்பியன் என்று போற்றினார். அடுக்கி முடித்தபின் எழுந்து போகும் அந்தப் பழக்கம் ஒரே நாளில் வந்திருக்காது. சின்ன வயதிலே வீட்டிலும் பயிற்சியிலும் வந்த பழக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

பிள்ளையின் முதுகில் எங்கள் பாரம்

இப்போது பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நாங்கள் இழந்தவர்கள். இழந்ததையெல்லாம் பிள்ளை வென்று தரவேண்டும் என்ற ஆசை எங்கள் மனதிலே இருக்கிறது. படிப்பிலே முதலாவது, ஓட்டத்திலே முதலாவது, நடனத்திலே முதலாவது. அந்த ஆசையிலே பாசம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை ஓடும்போது தன் கால்களையும் சுமந்து, தகப்பனின் இருபது வருடத் துயரத்தையும் சுமந்து ஓட முடியாது. தோற்றால் அப்பா இன்னும் உடைந்துபோவார் என்று பயப்படும் பிள்ளைதான் கோட்டை மிதித்துவிட்டு மிதிக்கவில்லை என்று சொல்லும். அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது எது என்று நாங்கள் யோசிக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒன்று. பன்னிரண்டு, பதின்மூன்று வயதானதும் பயிற்சியிலிருந்து நிறுத்திவிடும் வழக்கம் இன்னமும் சில வீடுகளில் இருக்கிறது. யாழ்ப்பாண மண்ணிலே பிறந்த தர்ஜினி சிவலிங்கம் 2018 இல் ஆசிய வலைப்பந்தாட்டச் சம்பியனான இலங்கை அணியின் தூணாக நின்றவர். அவரை அன்று வீட்டுக்குள்ளே நிறுத்தியிருந்தால் யாருக்கு நட்டம்? பொறுமை, கூட்டுறவு, தோல்வியைத் தாங்கும் மனம் ஆகியவை மகளுக்கும் வேண்டியவைதானே.

ஆகவே எல்லா வீடுகளிலும் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

போட்டி முடிந்து வரும் பிள்ளையிடம் "எத்தனை கோல்?" என்று முதலில் கேளாதீர்கள். "நன்றாக விளையாடினாயா? எதிரணியில் நன்றாக விளையாடியவர் யார்?" என்று கேளுங்கள். மற்றவரின் திறமையைக் காணும் கண் அப்படித்தான் திறக்கும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், காருக்குள் நடுவரையோ பயிற்றுநரையோ பற்றிக் குறை பேசாதீர்கள். பிழையான தீர்ப்பு வரத்தான் செய்யும். தோலின் நிறத்தைச் சொல்லியோ நாட்டைச் சொல்லியோ பிள்ளையை யாரும் இழிவுபடுத்தினால் அது வேறு விடயம். அதைப் பெரியவர்களாகிய நாங்கள் கழகத்தின் பொறுப்பாளரிடம் முறைப்படி, எழுத்திலே தெரிவிக்க வேண்டும். பிள்ளை கைநீட்டித் தீர்க்க வேண்டியதில்லை. பொறுத்துக்கொண்டு மௌனமாக இருக்கவும் வேண்டியதில்லை.

வென்ற பிள்ளை, தோற்றவரிடம் போய்க் கை கொடுத்த பின்னரே எங்களிடம் வரட்டும். தோற்ற பிள்ளையும் அப்படியே.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாங்கள் வீட்டிலே எப்படித் தோற்கிறோம் என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. வேலையிலே ஒரு வாய்ப்புத் தவறினால், சங்கத் தெரிவில் எங்கள் பக்கம் தோற்றால், நாங்கள் வென்றவரை என்ன பெயர் சொல்லி ஏசுகிறோம்? குளோசவும் குகேஷும் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளே இருப்பவர்கள். பிள்ளைக்கு முதல் மாதிரி சாப்பாட்டு மேசையின் எதிர்ப்பக்கத்தில் இருப்பவரே.

கந்தசட்டி காலத்திலே சூரன்போரைப் பார்க்க எங்கள் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு முன்னால் நிற்பார்கள். சூரன் தலை மாறி மாறி வருவதையும் வேல் பாய்வதையும் கண்டு ஆரவாரிப்பார்கள். அதன் முடிவை அவர்களுக்கு மறவாமல் சொல்லுங்கள். முருகப்பெருமான் தோற்ற சூரனைத் தூக்கி எறியவில்லை. மயிலாக்கித் தம்மைச் சுமக்க வைத்தார், சேவலாக்கித் தமது கொடியிலே உயர்த்தினார். எதிரியாய் நின்றவனுக்கும் தம் அருகிலே என்றைக்கும் ஓரிடம் கொடுத்தார். வென்றவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதனிலும் மேலான மாதிரி எங்கே இருக்கிறது?

எங்கள் பிள்ளைகள் வெல்லட்டும். வெல்லும்போது பணிவோடும், தோற்கும்போது நிமிர்ந்த தலையோடும், எந்த நேரத்திலும் உண்மையோடும் நிற்க, வேலும் மயிலும் துணை நிற்பதாக. எல்லாம் வல்ல முருகப்பெருமானின் திருவருள் எல்லா இல்லங்களிலும் பெருகுவதாக.

சுபம்.